அந்த அரை எங்கிருந்து வந்தது?



லிஃப்ட் பழுதாகி நின்றிருந்த ஒரு மாலையில், படியேறிக்கொண்டிருந்த என்னை ஒரு சிறுமி பிடித்துக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தாத்தா, நீங்கள் பேங்கில் கணக்கு பார்த்தவர்தானே, இதற்குப் பதில் சொல்லுங்கள் என்று அறிவியல் புத்தகத்தை நீட்டினாள். ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே மாதிரி, அணுவுக்குள் இருப்பவை முழுமுழு துகள்கள் என்று ஒரு பக்கத்தில் போட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில் குளோரினின் அணு எடை 35.5 என்று இருக்கிறது. அரைத் துகள் எங்கிருந்து வந்தது? அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

நான் பி.காம். அறிவியலை எஸ்.எஸ்.எல்.சி.யோடு விட்டவன். ஆனால் கணக்கில் வரும் அரையை அப்படியே விட்டுவிடு என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். இரண்டு நாள் இரண்டு மாதமாகிவிட்டது. தேடிப் படித்ததில் எனக்கு ஒரு மனிதர் கிடைத்தார். ஊரும் காலமும் வேறு, தொழிலும் வேறு. ஆனாலும் எங்கள் கவுன்டரில் உட்கார வேண்டியவர்தான் என்று தோன்றியது. அவர் பெயர் பிரான்சிஸ் வில்லியம் ஆஸ்டன். அவர் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பழைய பாக்கி

ஆஸ்டனுக்கு முன்பே இந்தக் கணக்கு நூறு வருடம் இழுபறியாக இருந்தது. 1800-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜான் டால்டன், ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை என்று சொன்னார். 1815-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் பிரவுட் இன்னும் ஒரு படி மேலே போனார். எல்லா அணு எடைகளும் ஹைட்ரஜனின் எடையை முழு எண்ணால் பெருக்கியது போல இருக்கின்றனவே, அப்படியானால் எல்லாமே ஹைட்ரஜனால் கட்டப்பட்டவைதானோ என்று கேட்டார்.

அழகான எண்ணம். ஆனால் தராசுகள் துல்லியமாக ஆக, அது உடைந்துபோனது. குளோரின் 35.5-ல் பிடிவாதமாக நின்றது. நியான் 20.2, தாமிரம் 63.5 என்று பின்னப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பிரவுட் சொன்னது தப்பு என்று மூடிவிட்டார்கள்.

எங்கள் பாஷையில் சொன்னால் அந்த அரையை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டார்கள். இருப்பாய்வு ஒத்துப்போகவில்லை என்றால், வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கு என்று ஒரு தலைப்பில் நிறுத்தி வைப்பது வழக்கம். பிறகு பிழையைக் கண்டுபிடித்து நேர் செய்ய வேண்டும். ஆனால் மனித சுபாவம் என்ன? அங்கே போய் உட்கார்ந்த தொகையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மதுக்கூடத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

ஆஸ்டன் 1877 செப்டம்பர் 1-ஆம் தேதி, பர்மிங்காம் நகரை ஒட்டிய ஹார்போன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா உலோக வியாபாரி, விவசாயமும் உண்டு. சிறு வயதிலிருந்தே பையனுக்குக் கையால் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். வீட்டிலேயே ஆய்வுக்கூடம், பட்டறை எல்லாம் வைத்துக்கொண்டார். கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி ஊதி வளைப்பது, பம்பு செய்வது எல்லாம் அவரே.

பர்மிங்காமில் மேசன் கல்லூரியில் வேதியியலும் இயற்பியலும் படித்தார். படித்து முடித்ததும் கிடைத்த வேலை என்ன தெரியுமா? உல்வர்ஹாம்ப்டன் நகரில் பீர் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேதியியலர். 1900 முதல் மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தார். பகலில் ஆலை வேலை, மாலையில் வீட்டு ஆய்வுக்கூடம். 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்திருந்தார் அல்லவா, அந்தச் சேதி அவரைப் பிடித்துக்கொண்டது. காற்றை உறிஞ்சிவிட்ட கண்ணாடிக் குழாய்களுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் என்ன நடக்கிறது என்று வீட்டிலேயே சோதித்துக்கொண்டிருந்தார். 1903-ல் உதவித்தொகை கிடைத்ததும் ஆலையை விட்டுவிட்டு பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார்.

ஆள் ஏதோ அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். இளமையில் ஒரே நாளில் 200 மைல் சைக்கிள் ஓட்டியிருக்கிறார். பனிச்சறுக்கு, டென்னிஸ், கோல்ஃப், நீச்சல் எல்லாம் உண்டு. அப்பா இறந்த பிறகு 1908-ல் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். அந்தப் பயணத்தில் ஹோனலூலுவில் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டார். பியானோ, வயலின், செல்லோ மூன்றும் வாசிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1910-ல் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஜே.ஜே. தாம்சனிடம் சேர்ந்தார். எலக்ட்ரானைக் கண்டுபிடித்த அதே தாம்சன்தான். அங்கேதான் நியான் வந்து வழியை மறித்தது.

20-க்குப் பக்கத்தில் ஒரு நிழல்

நியான் என்றால் உங்களுக்குத் தெரியும், கடைப் பெயர்ப்பலகைகளில் செக்கச்சிவந்து எரியுமே அந்த வாயு. காற்றில் லட்சத்துக்கு ஏறத்தாழ 2 பங்குதான் இருக்கிறது. தாம்சனிடம் ஒரு கருவி இருந்தது. வாயுவின் அணுக்களுக்கு மின்னூட்டம் ஏற்றி ஓடவிட்டு, காந்தத்தாலும் மின்புலத்தாலும் வளைத்துப் புகைப்படத் தகட்டில் விழச் செய்வது. எடைக்குத் தகுந்த மாதிரி தகட்டில் கோடு விழும். நியானைச் செலுத்தியபோது 20 என்ற இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு. பக்கத்தில் 22 என்ற இடத்தில் மங்கலாக இன்னொன்று.

அது என்ன? அசுத்தமா, ஏதாவது சேர்மமா, அல்லது நியானே இரண்டு வகையா? தாம்சனுக்கே தயக்கம்.

நியான் இரண்டு வகை என்றால் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஆஸ்டன் அதில் இறங்கினார். களிமண் குழாயின் நுண்துளைகள் வழியே நியானைக் கசிய விட்டார். லேசானது கொஞ்சம் முந்தும், கனமானது கொஞ்சம் பிந்தும். முந்தியதை எடுத்து மறுபடி கசிய விடுவது, பிந்தியதை எடுத்து மறுபடி கசிய விடுவது என்று மாதக்கணக்கில் அதே வேலை. எடை பார்க்க, குவார்ட்ஸ் இழையால் ஒரு தராசைத் தாமே செய்துகொண்டார். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட அது காட்டும். கடைசியில் கிடைத்தது என்ன? ஒரு பகுதி 20.15, மறுபகுதி 20.28. அவ்வளவுதான் வித்தியாசம். 1913-ல் அதை அறிவித்தார். சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை.

அதே 1913-ல் கிளாஸ்கோவில் பிரெடெரிக் சாடி என்பவர், கதிரியக்கத் தனிமங்களை ஆராய்ந்து, வேதியியலில் ஒன்றேபோல நடந்துகொண்டு எடையில் மட்டும் வேறுபடும் அணுக்கள் உண்டு என்று சொல்லி, அவற்றுக்கு ஐசோடோப்பு என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அதே இடம் என்று பொருள். அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்காருபவை. அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர். இன்னொரு வேடிக்கை, சாடி பிறந்தது 1877 செப்டம்பர் 2. ஆஸ்டனுக்கு ஒரே ஒரு நாள் இளையவர்!

1914-ல் போர் வந்தது. ஆஸ்டனை ஃபார்ன்பரோ விமானத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்து விமான இறக்கைகள் துணிதானே, அந்தத் துணிக்குப் பூசும் பூச்சை மேம்படுத்தும் வேலை. ஒரு விமான விபத்தில் சிக்கி நல்லவேளையாகக் காயமின்றித் தப்பினார். நியான் பிரச்சினை நான்கு வருடம் மனதிலேயே கிடந்தது.

நம் பிளாக்கையே எடுத்துக்கொள்வோம்

1919-ல் கேம்பிரிட்ஜ் திரும்பியதும் ஆஸ்டன் தம் கையாலேயே ஒரு புதுக் கருவியைக் கட்டினார். மாஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப் என்று பெயர். தாம்சன் கருவியில் ஒரு குறை உண்டு. ஒரே எடையுள்ள அணுக்கள்கூட வெவ்வேறு வேகத்தில் வருவதால், தகட்டில் பரந்து தீற்றலாக விழும். ஆஸ்டன் முதலில் மின்புலத்தால் ஒரு பக்கம் வளைத்தார், பிறகு காந்தத்தால் எதிர்ப்பக்கம் வளைத்தார். முதல் வளைவில் வேகத்தால் சிதறியவை இரண்டாவது வளைவில் மறுபடி ஒன்றுகூடும். அதனால் வேகம் எதுவானாலும் எடை ஒன்றானால் ஒரே இடத்தில் மெல்லிய கோடாக விழும். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூடத் தெரிந்தது.

முதலில் நியான். 20-ல் ஒரு கோடு, 22-ல் ஒரு கோடு. 20.2 இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை! அடுத்து குளோரின். 35-ல் ஒன்று, 37-ல் ஒன்று. 35.5-ல் வெறும் தகடு.

இதை நம் குடியிருப்பை வைத்துப் பாருங்கள். ஒரு பிளாக்கில் இரண்டு படுக்கையறை வீடுகள் மூன்று, மூன்று படுக்கையறை வீடு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 அறைகள், 4 வீடுகள். சராசரி 2.25 படுக்கையறை. சரியான கணக்குதான். ஆனால் அந்த 2.25 அறை வீடு எந்த மாடியில் இருக்கிறது? வாட்ச்மேனைக் கேட்டால் சிரிப்பார்.

குளோரினும் அப்படியே. நான்கு அணு எடுத்தால் ஏறத்தாழ மூன்று அணுவின் எடை 35, ஒன்றின் எடை 37. மூன்று முப்பத்தைந்து 105, அதோடு 37 சேர்த்தால் 142, நான்கால் வகுத்தால் 35.5. இன்று துல்லியமாகச் சொல்வது 75.8 சதவீதமும் 24.2 சதவீதமும், அதனால் சராசரி 35.45. நியானில் பத்துக்கு ஒன்பது 20, ஒன்று 22; சராசரி 20.2. தாமிரத்தில் 63 சுமார் 69 சதவீதம், 65 மீதி. நீங்கள் காலையில் சாம்பாரில் போட்ட உப்பிலும், கிணற்று உப்பிலும், கடல் உப்பிலும் குளோரின் இந்த விகிதத்தில்தான் கலந்திருக்கிறது. வேதியியல் தராசு ஒரே சமயத்தில் கோடிகோடி அணுக்களைச் சேர்த்து எடை போடுவதால், அதற்குச் சராசரி மட்டுமே தெரியும். அணுக்களை எடைவாரியாகப் பிரித்து நிறுத்திப் பார்த்த தராசு ஆஸ்டனுடையது.

நூறு வருடம் அனாமத்தில் கிடந்த அரை நேரானது. பிரவுட் பாதி சரி, டால்டன் பாதி தவறு. அடுத்தடுத்து ஆஸ்டன் தனிமங்களைக் கருவியில் ஏற்றிக்கொண்டே போனார். இயற்கையில் கிடைக்கும் 287 ஐசோடோப்புகளில் 212-ஐ அடையாளம் கண்டவர் அவர் ஒருவர்தான். 1922-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு. 1921-க்குரிய பரிசை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதையும் அதே 1922-ல் சாடிக்குக் கொடுத்தார்கள். ஒரு நாள் வித்தியாசத்தில் பிறந்த இருவரும் ஒரே வருடத்தில் பெற்றார்கள்.

0.008 என்ற சில்லறை

இவ்வளவோடு நின்றிருந்தால் ஆஸ்டன் நல்ல ஆய்வாளர், அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அடுத்த கட்டத்தில்.

எல்லா அணுவும் முழு எண்ணில் வந்தது. ஆக்சிஜனை 16 என்று அடிப்படையாக வைத்து அளந்தால் ஹீலியம் 4. ஆனால் ஹைட்ரஜன் மட்டும் 1 ஆக இல்லாமல் 1.008 ஆக நின்றது. ஆயிரத்தில் எட்டு! வேறு ஒருவராக இருந்தால் கருவிக் கோளாறு என்று தள்ளியிருப்பார். ஆஸ்டன் மறுபடி மறுபடி அளந்தார். 1.008 அசையவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான்கு ஹைட்ரஜனைச் சேர்த்தால் ஹீலியம். நான்கு 1.008 என்றால் 4.032. ஆனால் ஹீலியத்தின் எடை 4 தான். மீதி எங்கே? நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று போடுவார்களே, அதுபோல அணுவைச் சேர்த்துக் கட்டும்போது சேதாரம் போகிறது. இன்றைய துல்லியக் கணக்கில் அது 0.7 சதவீதம். நகைக்கடைச் சேதாரம் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. இந்தச் சேதாரம் எங்கே போகிறது என்று ஐன்ஸ்டைனின் 1905 சமன்பாட்டில் இருந்தது. அது ஆற்றலாகிறது.

1920-ல் ஆர்தர் எடிங்டன் என்ற வானியலாளர் ஆஸ்டனின் இந்த எண்ணைக் கையில் எடுத்தார். சூரியன் எதை எரித்து இத்தனை கோடி வருடம் பிரகாசிக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. நிலக்கரி என்று வைத்தால் சில ஆயிரம் வருடத்தில் தீர்ந்துவிடும். ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும் சேதாரம்தான் வெயிலாக வருகிறது என்று எடிங்டன் கணித்தார். அது சரி என்று பின்னால் நிரூபணமானது. சூரியன் ஒவ்வொரு வினாடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை மாற்றுகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் ஒளியாகப் போய்விடுகிறது. நம் மொட்டைமாடி சோலார் பேனலுக்கு வருவது அந்தச் சேதாரத்தில் ஒரு துளி.

ஆஸ்டனுக்குச் சூரியன்மேல் தனிப் பிரியம். முழு சூரிய கிரகணத்தைப் படம் எடுக்க 1926-ல் சுமத்ரா, 1932-ல் கனடா, 1936-ல் ஜப்பான் என்று ஆய்வுக்குழுக்களோடு பயணம் போனார். சூரியனின் வரவு செலவைத் திறந்து வைத்தவர், அதன் முகத்தையும் நேரில் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்.

பிழை தந்த லாபம்

அவர் தவறே செய்யாதவரா? இல்லை. இதைக் கேளுங்கள், கணக்குப் படித்தவர்களுக்கு இது பிடிக்கும்.

1927-ல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு துல்லியமுள்ள இரண்டாவது கருவியைக் கட்டி ஹைட்ரஜனை 1.00778 என்று அளந்தார். வேதியியலாளர்களின் எண்ணும் ஏறக்குறைய அதே. எல்லோருக்கும் திருப்தி. 1929-ல் அமெரிக்காவில் இருவர் ஆக்சிஜனிலும் 17, 18 என்று அரிய ஐசோடோப்புகள் இருப்பதைக் கண்டார்கள். ஆஸ்டன் ஆக்சிஜனை ஒற்றை வகை என்று எழுதியிருந்தார். இப்போது சிக்கல். ஆஸ்டன் அளந்தது ஆக்சிஜன் 16-ஐ வைத்து. வேதியியலாளர்கள் அளந்தது கலப்பு ஆக்சிஜனை வைத்து. ஆரம்ப இருப்பே வேறு வேறு. அப்படியானால் இறுதி இருப்பு எப்படி ஒத்துப்போகும்? ஒத்துப்போனதுதான் சந்தேகம்!

ஹைட்ரஜனிலும் கனமான ஒரு வகை ஒளிந்திருந்தால்தான் இது பொருந்தும் என்று 1931-ல் இருவர் கணித்தார்கள். ஹெரால்டு யூரே தேடினார், கண்டுபிடித்தார். அதுதான் கன ஹைட்ரஜன், டியூட்டீரியம். 1934-ல் அவருக்கு நோபல். பிறகு ஆஸ்டன் இன்னும் துல்லியமாக அளந்தபோது, தம் பழைய 1.00778 கொஞ்சம் குறைவு, 1.0081 தான் சரி என்று தெரிந்தது. அதைத் தாமே வெளியிட்டார். அதாவது அந்தக் கணிப்புக்கு ஆதாரமாக இருந்த வித்தியாசமே பிழையால் வந்தது. அந்தப் பிழை இல்லாவிட்டால் தேடியிருக்கவே மாட்டோம் என்று யூரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

படித்தபோது எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. 80-களில் ஒரு கிளையில் அரையாண்டு முடிவுக்கு சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களைக் கூட்டிக்கொண்டிருந்தோம். 27 ரூபாய் இடித்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண்ணை மாற்றிப் போட்டிருப்போம் என்பது எங்கள் பாலபாடம். 63-ஐ 36 என்று. இரவு பத்து மணி. 27 ரூபாய்தானே, அனாமத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றார் மேலே இருந்தவர். நானும் போட்டேன், கையெழுத்தும் போட்டேன். நான்கு மாதம் கழித்து ஒரு வயதான அம்மாள், கணவரின் ஓய்வூதியக் கணக்கில் ஏதோ குறைகிறது என்று வந்து நின்றார். தேடினால், இரண்டு பெரிய பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டு மிச்சமாக நின்றதுதான் அந்த 27. அவர் கணக்கில் குறைந்திருந்தது 900 ரூபாய். நேர் செய்து கொடுத்தோம். ஆனால் நான்கு மாதம் அந்தப் பணம் இல்லாமல் அவர் எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. ஆஸ்டனின் 0.008-ஐப் படித்த இரவு எனக்கு அந்த அம்மாள் முகம்தான் ஞாபகம் வந்தது.

மறுபக்கம்

சேதாரம் ஆற்றலாகிறது என்றால் அதை மனிதன் கையில் எடுத்தால் என்ன ஆகும்? ஆஸ்டன் இதை 1922-ல், நோபல் உரையிலேயே பேசினார். ஒரு டம்ளர் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனை ஹீலியமாக்கினால் குவீன் மேரி என்ற மாபெரும் கப்பலை முழு வேகத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து போய்த் திரும்பி வரச் செய்யலாம் என்று 1936-ல் ஒரு சொற்பொழிவில் கணக்குச் சொன்னார். இந்த ஆற்றல் ஒரு நாள் மனிதனுக்குக் கிடைத்தே தீரும், அதைப் பக்கத்து வீட்டுக்காரனை அழிக்க மட்டும் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும் என்றும் கவலைப்பட்டார்.

கவலைப்பட்டபடியே நடந்தது. யுரேனியத்தில் 238 தான் 99 சதவீதத்துக்கு மேல். 235 வெறும் 0.7 சதவீதம். அணுகுண்டுக்கு வேண்டியது அந்த 0.7. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்ற ஊரில் அதைப் பிரிக்க ராட்சத எந்திரங்கள் வைத்தார்கள். காந்தத்தால் எடைவாரியாகப் பிரிக்கும் அதே மாஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப் தத்துவம்தான். காந்தத்துக்குச் சுற்றத் தாமிரம் தட்டுப்பாடு என்பதால் அரசுக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கினார்கள். பின்னால் திருப்பியும் கொடுத்தார்கள். 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஹிரோஷிமாவில் விழுந்தது அந்த 235.

ஆஸ்டன் அப்போது கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் தனியாக இருந்தார். 1945 நவம்பர் 20-ஆம் தேதி, 68-ஆவது வயதில் காலமானார். ஹிரோஷிமாவுக்குப் பிறகு மூன்றரை மாதம். தம் சொத்தில் பெரும் பகுதியை டிரினிட்டி கல்லூரிக்கும் அறிவியல் பணிகளுக்கும் எழுதி வைத்திருந்தார்.

அவர் கருவியின் வாரிசுகள் இன்று எங்கும் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் பிறவிக் குறைபாட்டைக் கண்டறிவது, விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்து சோதனை, பழம்பொருளின் வயது என்று பல வேலை. நம் கீழடியில் கிடைத்த கரித்துண்டின் வயதை கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று சொன்னதும் கார்பன் 14 அணுக்களை எண்ணும் இவ்வகைக் கருவிதான்.

அந்தச் சிறுமிக்கு இதையெல்லாம் கிளப் ஹவுஸில் உட்கார்ந்து சொன்னேன். 2.25 அறை வீட்டைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு ஒன்று கேட்டாள், என்னிடம் பதில் இல்லை. அந்த 37 எடை குளோரின் நாலில் ஒன்று என்று ஏன் இருக்க வேண்டும், பாதிக்குப் பாதி ஏன் இல்லை? நட்சத்திரங்களுக்குள் அணுக்கள் சமைந்த விதம் அப்படி என்று ஒரு வரியில் படித்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அதை அனாமத்தில் போடாமல் குறித்து வைத்திருக்கிறேன். நம் குடியிருப்பில் இயற்பியல் படித்தவர்கள் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசகசாலைப் பக்கம் வாருங்கள். நாங்கள் இருவரும் அங்கே இருப்போம்.